எட்டு நிமிடம் பார்க்காமல் விட்டவன்

இன்று காலை கும்மிடிப்பூண்டி போகிற கம்பெனி பஸ்ஸில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

யாரும் பேசாத பழைய படங்களைப் பற்றி நானும் இரண்டு நண்பர்களும் பாட்காஸ்ட் செய்வது உங்களுக்குத் தெரியும். பஸ் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போடுவதும் நான்தான்.

போன வாரப் படத்தில் கதாநாயகி கதவை நோக்கி நடப்பாள். சட்டென்று படம் முடிந்துவிடும். "எவ்வளவு துணிச்சலான முடிவு!" என்று நாற்பது நிமிடம் உருகினோம்.

'அதுக்கப்புறம் ஒரு சீன் இருக்கு' என்று புரொஃபைலில் ரோஜாப்பூ படம் வைத்த யாரோ கமெண்ட் போட்டிருந்தார்கள். இந்த வார எபிசோடில் அதைப் படித்துக்காட்டி, "இவங்களுக்கு எல்லாத்தையும் ஊட்டி விடணும்" என்று சிரித்தேன்.

இன்று பேக்கிங் செக்‌ஷன் வசந்தா அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த ரோஜாப்பூ நான்தான் தம்பி. அந்தப் படத்த தியேட்டர்ல ரெண்டு வாட்டி பார்த்துகிறேன். கதவத் தொறந்து புருசன வெளிய அனுப்பிட்டு, தனியா உக்காந்துகினு சோறு துன்னுவா. அதான் படமே."

போனை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் பார்த்த வீடியோவின் தலைப்பிலேயே 'பாகம் 1' என்று இருந்தது. பாகம் இரண்டு, எட்டு நிமிடம்.

"வுடு, பேஜாராவாத. நீ சிரிச்சத என் பொண்ணும் கேட்டுகினு இருந்தா. அதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

நாற்பது நிமிடம் பேசிய வாயில் ஒரு 'சாரி' வரவில்லை. கம்பெனி கேட் வந்துவிட்டது.

நாளைக்கும் அதே பஸ். எப்படி ஆரம்பிப்பது, சொல்லுங்கள். இந்த முறை கமெண்டை ஒழுங்காகப் படிக்கிறேன்.