நோயே இல்லாத அறுபத்தாறு வீடுகள்

வெர்லீன் நார்சிஸுக்கு வயது ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு வருடமாக வில்லோ பெண்ட் ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறார். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவர்தான் ஞானத்தாய். அதனால் அவர்கள் அவரை நானன் என்பார்கள். மீதிப் பாதியும் அதைப் பார்த்து நானன் என்றே கூப்பிடும். நான் மீதிப் பாதி.

எங்களுக்கு ஒரு பக்கம் மிசிசிப்பி, மூன்று பக்கம் ரசாயன ஆலை. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் எங்கள் பங்கு வந்து சேர்ந்துவிடும்.

இந்த மாதிரி ஊர்களுக்கென்று அரசாங்கம் ஒரு மானியம் வைத்திருக்கிறது. அது கிடைத்தால் பள்ளிக் கூரையில் காற்றை அளக்கும் கருவி, வீட்டுக்கு ஒரு காற்று வடிகட்டி. நானன் இரண்டு தடவை மனுப் போட்டு இரண்டு தடவையும் திரும்பி வந்தது. ஆதாரம் போதவில்லையாம். இந்த முறை வீடுவீடாக உடல்நலக் கணக்கெடுப்பு கேட்டார்கள். அந்த வாரம் நான் பள்ளிக்கு வராதபடி சஸ்பெண்டில் இருந்தேன். பேருந்து ஹீட்டருக்குள் தவளை எப்படிப் போனது என்று இன்றுவரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் நானன் எழுபத்தொரு படிவங்களை என் கையில் திணித்தார்.

"அஞ்சு நாளும் நீ என் ஆளு. ஒரு வீடு விடக் கூடாது."

ஒரு வீடும் விடவில்லை. அவர்கள் மடித்துக் கொடுத்ததை மடித்தபடியே பெட்டியில் போட்டேன். புதன்கிழமை காலை நானன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒருமுறை சரிபார்த்துச் சொல்லும்படி மானிய அலுவலகத்துக்கு அனுப்பினார். மதியம் அங்கிருந்து போன் வந்தது.

"மிஸஸ் நார்சிஸ், மனு ரொம்ப நல்லா இருக்கு. ஒரு சந்தேகம்தான். எழுபத்தொரு வீட்டுல அறுபத்தாறு வீடு மூச்சுக்கோளாறே இல்லைன்னு எழுதியிருக்கு. எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு ஆரோக்கியம் கிடையாதும்மா. இதைப் பாத்தா மேல இருக்கறவங்க, மானியம் எதுக்குன்னு கேப்பாங்க."

நானன் மேசையைப் பிடித்துக்கொண்டார். "திருத்தி அனுப்பலாமா?"

"நாளைக்குச் சாயங்காலம் நாலு மணி வரைக்கும். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட இல்ல. அடுத்த வருஷம் இந்த நிதி இருக்குமான்னே எங்களுக்குத் தெரியாது."

போனை வைத்ததும் என்னைப் பார்த்தார். "என்னடி கேட்ட?"

"படிவத்துல இருக்கறதத்தான். வீட்டுல யாருக்காவது வீசிங் இருக்கான்னு."

"என்ன சொன்னாங்க?"

"ஆண்டவர் கிருபையில நல்லா இருக்கோம்னாங்க. மிஸ்டர் ஆல்சிட் மூக்குல ஆக்சிஜன் குழாயோட சொன்னாரு."

எங்கள் ஊரில் நோயை வாயால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டாக்டர் நோய்க்கு ஒரு பேர் வைத்துவிட்டுப் போகட்டும். 'எனக்கு இருக்கு' என்று நீங்களே சொல்லிவிட்டால் அதற்கு நாற்காலி போட்டுத் தட்டு வைத்த மாதிரி. அப்புறம் எழுந்து போகாது. 'அதை நான் ஏத்துக்கல' என்று சொல்லிவிட்டு மாத்திரையை விழுங்குவார்கள். நானனும் இதே தேவாலயச் சபையில் வளர்ந்தவர்தான். வாயால் சொல்லாததைக் காகிதத்திலாவது எழுதுவார்கள் என்று நம்பிவிட்டார்.

உடனே கிளம்பினோம். முதல் வீடு மிஸஸ் ஓரேலியா. கதவைப் பாதிதான் திறந்தார்.

"நான் சீக்காளின்னு என் கையாலயே எழுதித் தரணுமா, வெர்லீன்? நீ எழுதினியா?"

நானன் படியில் ஓரடி பின்வாங்கினார். கதவு சாத்திக்கொண்டது.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்தேன். முதல் படிவம் நானனுடையது. மூச்சுக்கோளாறு: இல்லை. அழகான கையெழுத்து.

எனக்கு முன்பே தெரியும். போன வருடம் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் பல்லி பொம்மை வைக்கத் திறந்தபோது உள்ளே இன்ஹேலர் இருந்தது. பொம்மையை என் பையிலேயே போட்டுக்கொண்டு கூட்டை மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

"நானன், இது?"

படிவத்தைப் பார்க்காமலே சொன்னார். "ஆகஸ்ட்ல லைசென்சுக்கு டாக்டர் சான்றிதழ் புதுப்பிக்கணும். டீக்கன் செப்டிம் காதுல விழுந்தா அன்னைக்கே வண்டிய நிறுத்திடுவாரு."

டீக்கன் செப்டிம் ஞாயிறும் புதனும் சபை ஊழியர். மற்ற நேரம் முழுக்கப் பள்ளிப் பேருந்துகளுக்கு மேலதிகாரி.

"நானே எல்லாத்தையும் மாத்தி எழுதிடறேன்" என்றேன். "எங்கம்மா கையெழுத்த மூணு வருஷமா நான்தான் போடறேன்."

"ஆபீஸ்காரங்க நேர்ல வந்து ஆல்சிட்கிட்ட கேப்பாங்க. அவரு மறுபடி கிருபைம்பாரு. நீயும் நானும் கம்பி எண்ணலாம்." சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அன்று மாலை ஆறரை மணிக்குச் சபையில் ஜெபக்கூட்டம். சாட்சி சொல்லும் நேரத்தில் நானன் எழுந்தார். கையில் முதல் படிவம். இரண்டாவது பெஞ்சில் டீக்கன் செப்டிம்.

"ஆறு வருஷமா எனக்கு ஆஸ்துமா" என்றார் நானன்.

வழக்கமாக இந்த இடத்தில் 'ஆமென்' வரும். வரவில்லை. யாரோ விசிறியை நிறுத்தினார்கள்.

"இதுல இல்லைன்னு எழுதினேன். பொய். தினமும் ரெண்டு வேளை மருந்து இழுக்கறேன். உங்க பிள்ளைங்க இறங்கின அப்புறம்."

பாஸ்டர் மெதுவாகக் குறுக்கிட்டார். "சகோதரி, சாட்சின்னா ஆண்டவர் என்ன செஞ்சாருன்னு முடியணும்."

"இன்னும் செய்யல பாஸ்டர். நாளைக்கு நாலு மணிக்கு அவருக்கே தேதி முடியுது."

பின்வரிசையில் ஒருத்தி 'க்ளுக்' என்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். நானன் தொடரப் பார்த்தார். மூச்சு கிடைக்காமல் நின்றார். அப்போதுதான் மிஸஸ் ஓரேலியாவின் குரல் வந்தது.

"நிதானமா சொல்லும்மா. நேரமிருக்கு."

"இல்ல ஓரேலியா. நேரந்தான் இல்ல." நானன் படிவத்தை உயர்த்திப் பிடித்தார். "இருக்கறத எழுதுங்க. ஏத்துக்க வேணாம். எழுதுங்க, போதும்."

பேனாவை எடுத்து 'இல்லை'யை எல்லோரும் பார்க்க அடித்தார்.

கூட்டம் முடிந்ததும் டீக்கன் செப்டிம் வந்து எதிரில் நின்றார். தொப்பியைக் கையில் சுழற்றினார்.

"கேக்காத மாதிரி இருக்க முடியாது, வெர்லீன்."

"தெரியும்."

"டாக்டர் பாத்துச் சொல்ற வரைக்கும் வண்டிய எடுக்காத."

நானன் சாவியை நீட்டினார். டீக்கன் வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். ஏதாவது திட்டலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்க வீட்டுப் படிவமும் மாத்தணும். சின்னவளுக்கு… ராத்திரி நெபுலைசர் வைக்கறோம்."

வியாழக்கிழமை பேருந்து ஓட்டும் வேலை இல்லாததால் நானனுக்கு முழு நாளும் கிடைத்தது. காலை ஏழு மணிக்கே ஆரம்பித்தோம். சில வீடுகள் திறக்கவேயில்லை. சில வீட்டில் ஒன்றுக்கு மூன்று பெயர் எழுதினார்கள். இதுவரை சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொன்னார்கள், நானன் நின்று கேட்டார், நான் வாசலில் மணி பார்த்தேன். மூன்றரைக்கு சபை அலுவலகத்தில் ஸ்கேனர் காகிதத்தைக் கடித்தது. இழுத்தால் கிழியும். நானன் ஒரு ஓரத்தையும் நான் மறு ஓரத்தையும் பிடித்து, சிக்கெடுப்பதுபோல் எடுத்தோம். மிஸ்டர் ஆல்சிட் சிலிண்டர் வண்டியை உருட்டிக்கொண்டு கடைசிப் படிவத்தோடு உள்ளே வந்தபோது மூன்று நாற்பத்தொன்பது.

மூன்று ஐம்பத்தாறுக்குத் திரையில் 'பெறப்பட்டது' என்று வந்தது. கிடைக்குமா என்று தெரிய மூன்று மாதம் ஆகும். நானன் டாக்டரைப் பார்க்கக் கிடைத்த நாள் வரும் செவ்வாய்.

மிஸ்டர் ஆல்சிட் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப நான் இப்ப சீக்காளியா, வெர்லீன்?"

நானன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் நாலு நிமிஷத்துக்கு. அப்புறம் உங்க இஷ்டம்."