மறுத்துப் பேசும் பயிற்சி

எங்கள் மன்றத்தில் ஒரே ஒரு விதிதான் கறாரானது. ஒருவர் பெயரை இன்னொருவர் முன்மொழிந்துவிட்டால் அவர் மாட்டேன் என்று சொல்லக்கூடாது. தலைமையோ நன்றியுரையோ, கொடுத்ததை எழுந்து நின்று செய்தாக வேண்டும். கூச்சத்தை ஒழிப்பதற்காக நாங்களே போட்டுக்கொண்ட விதி அது. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிகள், தமிழ்ப்பள்ளி வாத்தியார்கள், ஆஸ்பத்திரி டிரெசர்கள் என்று கொஞ்சம் படித்த இளவட்டங்கள் நாங்கள். தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரை முன்னால் போய் நின்றால் ஒருவருக்கும் நாக்கு புரளாது. நாலு பேர் பழக்கம் வேண்டும், நாளைக்கு இந்த ஜனங்களுக்குத் தலைமை தாங்க ஆள் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கோலா சிலாங்கூரில் கூடினோம். சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் மாடியைச் சும்மா கொடுத்திருந்தார்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது; அவனை எதிர்த்த கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு காட்டுக்குள் இருந்தார்கள். கூட்டம் போட போலீஸ் அனுமதி வேண்டும். பின் வரிசையில் ஒரு கான்ஸ்டபிள் தேத்தண்ணீரோடு உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் பேச்சையெல்லாம் கொட்டாவி விடாமல் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஊரடங்குக்கு முன்னால் தோட்டம் போய்ச் சேர வேண்டும் என்பதால், பஸ் வந்ததும் எவ்வளவு பெரிய பேச்சும் பாதியில் நின்றுவிடும்.

எங்களில் கெட்டிக்காரன் எங்கள் தோட்டத்து டிரெசர். வெட்டுக்காயத்துக்கு மருந்து கட்டுவான், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பான், மேடை ஏறினால் வெளுத்து வாங்குவான். நான் அதே தோட்டத்தில் சின்னக் கிராணி. அவன் பேசும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்ட பிறகு ஒரு நாள் போலீஸ் அதிகாரி வந்தார். திடலில் எல்லாரையும் கூட்டி, ஊர்க்காவல் படைக்கு உங்களில் ஒருவர் தலைவராக வேண்டும் என்றார். இங்கிலீஷில் அவர் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்தில் அந்தப் பதவிக்கு வந்தவரைக் காட்டிலிருந்து வந்தவர்கள் சுட்டுக் கொன்றது எல்லாருக்கும் தெரியும். கடைசியில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர், "நம்ம டிரெசரையே போட்டுடலாம்" என்றார். திடல் முழுக்கக் கை தட்டியது. கொஞ்சம் பிரியம், மிச்சமெல்லாம் தப்பித்தோம் என்ற நிம்மதி.

அவன் எழுந்து கும்பிட்டான். "என்மீது நம்பிக்கை வைத்தமைக்கு நன்றி" என்றான். மன்றத்துப் பழக்கம். அதை அதிகாரிக்கு இங்கிலீஷில் சொன்னவனும் நான்தான்.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் அவன் வேலி வாசலில் நின்றான். பாலுக்காக ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்களின் வாளியையும் சோற்றுச் சட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போகக்கூடாது. நேற்றுவரை புண்ணைக் காட்டி அழுத பெண்கள் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கை தட்டிய அதே ஜனங்கள்தான். எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை. பிறகு ஒரு நாள் காலையில், ஒரு மரத்தின் வெட்டுப் பட்டையில் அவன் பெயரை யாரோ மிரட்டலாகக் கத்தியால் கீறியிருந்தார்கள்.

"போயி வேணாம்னு சொல்லிடுடா" என்றேன்.

"எப்படிடா சொல்றது?" என்றான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மேடையில் எதை வேண்டுமானாலும் பேசத் தெரிந்தவனுக்கு அது மட்டும் தெரியவில்லை. எங்களில் யாருக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் வேறு எதுவும் நடக்கவில்லை. வாத்தியார் ஒருவர் துரையாக நாற்காலியில் உட்கார்ந்தார். டிரெசர் அவர் முன்னால் நின்று இங்கிலீஷில், இந்தப் பதவி எனக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். முதல் தடவை நன்றி சொல்லி முடித்தான். இரண்டாவது தடவை மன்னிப்புக் கேட்டான். பிறகு ஒரு தடவை தோட்டத்தின் வளர்ச்சியைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், அவனும் சிரித்தான். பஸ் வருவதற்குள் ஒருவழியாக, நன்றியும் இல்லாமல் மன்னிப்பும் இல்லாமல், மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். கான்ஸ்டபிளும் சேர்ந்து கை தட்டினார்.

திங்கட்கிழமை அவன் துரையிடம் போனான். திரும்பி வரும்போது முகமெல்லாம் வெளிச்சம். வேறு ஆள் பார்க்கும்வரை இரு, மாதக் கடைசியில் விட்டுவிடுகிறேன் என்று துரை சொல்லிவிட்டாராம். அவன் வீட்டில் எனக்கும் கோப்பி கொடுத்தார்கள். அவன் மனைவிதான் கேட்டது.

"தொரைகிட்ட சொல்லியாச்சு. காட்டுல இருக்கறவங்களுக்கு யாரு சொல்லுவா?"

"தானா தெரிஞ்சுக்குவாங்க லா" என்றான் அவன்.

நான் கோப்பியைக் குடித்தேன். அந்தப் பக்கம் யாரையும் எங்களுக்குத் தெரியாது. மாவட்டம் முழுக்கப் பழக்கம் பிடித்துவைத்திருந்தோம், அவர்களிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

மாதம் முடியவில்லை. மேல் டிவிஷன் லயத்துக்கு மருந்துப் பெட்டியோடு சைக்கிளில் போனவனைச் செம்மண் சாலையில் சுட்டுப் போட்டிருந்தார்கள். போலீஸ் லோரியில்தான் கொண்டுவந்தார்கள். சுட்டவர்கள்மேல் எனக்கு வெறுப்பு வந்தது. மாதக் கடைசி என்று தவணை சொன்ன துரைமேல் அதைவிட அதிகமாக வந்தது. அன்று பொழுது சாயும்வரை ஆபீஸில் நான் பேனாவைத் தொடவில்லை.

அடக்கத்துக்கு முன்னால் அதே திடலில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். போலீஸ் அதிகாரி பேசினார், நான் தமிழில் சொன்னேன். துரை பக்கத்து நாற்காலியில் இருந்தார். கடைசிவரை பதவியை விட்டு விலக மறுத்த வீரர் என்று அதிகாரி சொன்னார். அதையும் சொன்னேன், கூலிக்கு மாரடிக்கிறவன்போல.

முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "வேணாம்னு சொல்லிட்டாரு. அந்தா குந்தியிருக்காரே தொரை, அவருகிட்டயே சொன்னாரு. அதச் சொல்லுங்க அவங்களுக்கு."

அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று அதிகாரி என்னைக் கேட்டார். துரை என் முகத்தைப் பார்த்தார். என் சம்பளமும் என் வீடும் அவர் கையில். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி, இங்கிலீஷில் சொன்னேன்.

துரை தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதிகாரி என் பக்கம் திரும்பி, அரசாங்கம் அவள் கணவருக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறது என்று அவளிடம் சொல் என்றார்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் தமிழில் சொல்லவில்லை.