பாரூக் நானா கொழும்புக்கு அனுப்பிய குடும்பம்

பாரூக் நானா மவுத்தாகிவிட்டார் என்று அவருடைய தம்பி பண்டாரவளையிலிருந்து தொலைபேசியில் சொன்னார். மாலையில் அந்தச் சாவு வீட்டுக்குப் போனேன். "நானாவும் நீங்களும் பதுளை ஒபிஸ்ல என்ன வேலதான் செஞ்சீங்க? எங்களுக்கு ஒண்டும் வெளங்கல்ல" என்றார் தம்பி. அழுகிறவர்கள் நடுவே சொல்லக்கூடிய கதையாக அது இல்லை. அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்.

தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் பதிவைக் கணினியில் வைத்து, தொலைபேசிக் கம்பி வழியாகக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை. கணினி நிரலுக்குள் ஒரு குடும்பம் என்பது ஒருவர் கையை ஒருவர் பிடித்து நிற்கும் கூட்டம். கம்பியில் அது அப்படியே போகாது. ஆளாளாகப் பிரித்து, ஒரே சரமாக்கி அனுப்ப வேண்டும். அங்கே மறுபடி கட்ட வேண்டும். "பிரிக்கிறது பெரிய வேல இல்ல தங்கச்சி. அங்கால அதே ஆக்களா எழும்பணும்" என்பார் பாரூக் நானா.

இந்தப் பதிவைப் பார்த்து லயத்து மக்களுக்குப் புதிய வீடுகள் கொடுக்கத் தொடங்கியபோது, ஹல்துமுல்லைப் பக்கத்து முத்தையாவின் குடும்பம் கம்பியில் போக மறுத்தது. அனுப்பத் தொடங்கினால் முடிவே இல்லாமல் ஓடியது. கொழும்பில் எழுதிய நிரல் குடும்பத்தைக் கீழ்நோக்கி இறங்கும் கிளைகளாக நினைத்திருந்தது: கணவன், கீழே மனைவி, அவளுக்குக் கீழே தாய், தாய்க்குக் கீழே அந்தத் தாயின் கூடப்பிறந்தவர்கள். முத்தையா கட்டியிருந்ததோ அக்காள் மகள் லெட்சுமியை. லெட்சுமியின் தாய் பாப்பாத்தி வழியாக நிரல் மறுபடி முத்தையாவிடமே வந்து, மறுபடி இறங்கியது.

"தாயை வெட்டிட்டு அனுப்புங்க, வேலை முடியும்" என்றார் கொழும்பு அதிகாரி. வெட்டினால், தோட்ட வேலையிலிருந்து நின்றுவிட்டதால் தனிப் பதிவு இல்லாத பாப்பாத்தி யாருடைய குடும்பத்திலும் இருக்கமாட்டார். புது வீட்டில் இடமில்லை. அவர்கள் இருந்த பழைய லயத்து வரிசை வீட்டையும் இடிக்கப்போகிறார்கள்.

விசாரிக்க வந்த லெட்சுமி முதலில் சிரித்தார். "மாமனக் கட்டுனது நானுங்க. மிஷினுக்கு எதுக்குங்க தல சுத்துது?"

"அதுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லயே, அதான்" என்றார் பாரூக் நானா.

லெட்சுமியின் சிரிப்பு நின்றது. "எங்கம்மாவ மட்டும் விட்டுறாதீங்க நானா."

பாரூக் நானா வைத்த வழி இதுதான். ஒருவர் முதன்முறை போகும்போது அவருக்கு ஒரு எண். அதே ஆள் மறுபடி வந்தால் எண் மட்டும் போகும். ஆனால் கொழும்பு நிரலிலும் அதே விதி இருக்க வேண்டும்.

"ஒரு கிழவிக்காக நிரலை மாத்தச் சொல்றீங்களா?" என்றார் அதிகாரி.

"கிழவிய விடுங்க சேர். உங்க பக்கம் மாத்தாம நம்பர் மட்டும் வந்தா அங்க முத்தையா ரெண்டு ஆளா எழும்புவாரு. ரெண்டு பேருக்கும் நீங்கதான் வீடு குடுக்கணும்."

அந்த வாரமே மாற்றினார்கள்.

அனுப்பியதோடு பாரூக் நானா எழுந்து போகமாட்டார். அங்கே என்ன எழும்பியிருக்கிறது என்று தொலைபேசியில் வாசித்துக் காட்டச் சொல்வார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பழக்கம் ஒன்றுதான். வேறு எதையும் அவர் எனக்குச் சொல்லித்தந்ததாக நினைவில்லை.

முத்தையா, லெட்சுமி, பாப்பாத்தி மூவரும் புது வீட்டுக்குப் போனார்கள். மற்ற அலுவலகங்கள் அதற்கு முன்பே பல தாய்மாரை வெட்டி அனுப்பியிருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர்களையும் சேர்க்கும்படி பாரூக் நானா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். கொழும்பில் சேர்க்கவில்லை.