மிளகு எண்ணெய்த் தொழிற்சாலை வாசலில் நான் சொன்ன அறிவுரை

2007 நவம்பரில் என் தங்கை ஸ்டெல்லாவுக்கு மாத்தளையைத் தாண்டி யட்டவத்த பக்கம் ஒரு வாசனை எண்ணெய்த் தொழிற்சாலையில் ஆய்வுகூட வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். "கெமிக்கல்னா நெஞ்சு கெட்டுப் போயிரும்" என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறவன் என்பதால், நேரில் பார்த்து முடிவு சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உண்மையைச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லும் எண்ணத்தோடுதான் அவளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

வியாழன் காலை 6.15க்குக் கண்டியில் மாத்தளை பஸ். இருபத்தாறு கிலோமீற்றர். யுத்த காலம், சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டை காட்டியதில் இருபது நிமிடம் போனது. மாத்தளையில் பஸ் மாறி யட்டவத்த, அங்கிருந்து ஓட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

"பெக்டரி வர முந்தி இந்த ரோட்டுல ஹயருக்கு ஆளே இல்ல தம்பி" என்றார் ஓட்டோ ஓட்டிய நிசார் நானா. "இப்ப பொய்லருக்கு வெறகு வெட்டுறவன், மொளகு பறிக்கிறவங்க, லொறிக்காரன்னு ஊரே இதால சாப்புடுது."

தொழிற்சாலை வாசலில் ஏழெட்டுப் பேர் மிளகு மூட்டைகளோடு வரிசையில் நின்றார்கள். ஸ்டெல்லா அலுவலகத்துக்குப் போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம். முன்னால் நின்ற பாக்கியம் என்ற தேயிலைத் தோட்டத்து அக்காவின் மூட்டைக்குள் கையை விட்டேன். பாதி விளைந்த மிளகு, கனமே இல்லை, நகம் பட்டாலே நசுங்கியது.

"அக்கா, இது முத்தவே இல்லயே. இத எடுக்க மாட்டாங்க. வீணா நிக்காதீங்க."

வாத்தியார் வாய் அல்லவா, பின்னால் நின்றவர்களுக்கும் தனித்தனியாகச் சொன்னேன். ஒருவர் மூட்டையைத் திரும்ப ஓட்டோவில் ஏற்றவே தொடங்கிவிட்டார்.

"அண்ணே, எறக்குங்க" என்று அவரைத் தடுத்த பாக்கியம் அக்கா, என் பக்கம் திரும்பினார். "கடைக்குத்தான், சேர், முத்துன மொளகு. எண்ணெய்க்கு எளசுதான் வேணும். போன வருசம் நாங்களும் நல்லா முத்த வச்சு கொண்டாந்து, அப்புடியே திருப்பிக் கொண்டு போனோம்."

காது சூடாகிப் போனது. உள்ளே போனேன். பதினொரு வருடமாக நான் கரும்பலகையில் வரைந்த காய்ச்சி வடித்தல், அங்கே இரண்டு ஆள் உயரத்தில் நடந்துகொண்டிருந்தது. நீராவியைத் தவிர வேறொன்றும் சேர்ப்பதில்லை. தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்து நிற்க, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் அளவு பார்த்து எழுதினாள். அவளும் எங்களைப் போலத் தோட்டத்துப் பிள்ளைதான். எனக்குப் பெருமையாக இருந்தது.

சரி என்று சொல்லத் தங்கையைத் தேடிப் போனேன்.

"கையெழுத்து போட்டுட்டேன் அண்ணே" என்றாள். "நீங்க கேட்டு வாசல்ல அட்வைஸ் குடுத்துக்கிட்டு நின்னீங்கள்ல, அப்பவே. அப்பாக்கிட்ட மட்டும் நீங்க சொல்லிருங்க."

போக நினைப்பவர்களுக்கு: முதலில் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். மதியம் இரண்டு மணிக்குள் திரும்பிவிட்டால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இரசாயனத் தொழில் என்றால் புகையும் நஞ்சும்தான் என்று நினைப்பவர்களைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். வாசலில் நிற்பவர்களுக்கு எதையும் கற்பிக்கப் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கிட்டே வந்து என் சட்டையை முகர்ந்து பார்த்தார்.

"என்னடா இது, ரசம் வாசம் அடிக்குது" என்றார். "இதுக்கா நான் இம்புட்டு பயந்தேன்?"