கொலாஜன் மரபணுவும் நான் நிரப்பிய கட்டமும்

பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவனுக்கு மனிதர்கள் கண்ணாடித் தகட்டில், நகக்கண் அளவில்தான் அறிமுகமாவார்கள். அதை வைத்தே முழு ஆளையும் எடை போட்டு மாட்டிக்கொண்ட சக தொழிலாளிகளே, இது உங்களுக்காக.

உப்பு

எண்பதுகளின் நடுவில் திருவண்ணாமலை வட மாட வீதியில் ஒரு டாக்டரிடம் டெக்னீஷியனாக இருந்தேன். அவர் ஊசியால் எடுத்துத் தரும் கல்லீரல் துணுக்கை மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றுவது என் வேலை. தழும்பு நாரான கொலாஜன் சிவப்பாகத் தெரியும். வேலூரிலிருந்து வரும் பழைய மருத்துவப் பத்திரிகைகளை விடாமல் படிப்பேன். படித்ததை யாரிடமாவது கொட்டாவிட்டால் சோறு இறங்காது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வயிறு வீங்கிய கணவனோடு வந்த அம்மாளிடம் ஒருநாள் ஆரம்பித்தேன். கொலாஜனுக்கான மரபணு எல்லா செல்லிலும் இருக்கிறது. நல்ல கல்லீரலில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். காயம் பட்டால் சில செல்களில் விழித்துக்கொண்டு நகல் நகலாக எடுத்துத் தள்ளும். காயம் ஓயாவிட்டால் அதுவும் ஓயாது. அம்மாள் பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும் சார், சோத்துல உப்பு போடலாமா கூடாதா?"

காலிக் கட்டம்

குடைக் கடை ரஹீம் பாய் தொழுகை தவறாதவர். அவருடைய படிவத்தில் 'குடிப்பழக்கம்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அவர் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், எட்டிக் கேட்டிருக்கலாம். ஆனால் தகட்டில் அத்தனை சிவப்பு! இவ்வளவு தழும்பு குடியால்தான் வரும் என்று 'உண்டு' போட்டேன். இத்தனைக்கும், காமாலைக் கிருமியும் அதே மரபணுவை எழுப்பும் என்று முந்தின வாரம்தான் படித்திருந்தேன்.

ரிப்போர்ட் வாங்க பாயோடு வந்தவர் போளூர் ஹெட்மாஸ்டர். பாயின் மகளை மருமகளாக்கிக்கொள்ள இருந்தவர். இங்கிலீஷ் தெரிந்தவர் என்று, ரிப்போர்ட்டும் படிவமும் சேர்த்து வைத்த உறையைப் பாய் அவரிடமே நீட்டினார். பெஞ்சில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஹெட்மாஸ்டர் படித்து, மடித்து, திருப்பிக் கொடுத்தார். "குடியா? நிக்காஹ் விஷயம் அப்புறம் பேசிக்கலாங்க பாய்."

போளூர்

டாக்டர் விசாரித்ததில், பாய்க்கு வாலிபத்தில் காமாலை வந்து மாதக்கணக்கில் படுத்திருந்தது தெரிந்தது. குடியின் வாசனையே அறியாதவர். படிவத்தைத் திருத்திய டாக்டர், எழுதினவனே போய்ச் சொல்லட்டும் என்று என்னைப் பஸ் ஏற்றினார்.

ஹெட்மாஸ்டர் வீட்டில் அரை மணி நேரம் மரபணு பேசினேன். வெட்கத்தை மூடிக்கொள்ள என்னிடம் வேறு போர்வை இல்லை. அவர் கையை உயர்த்தினார். "சார், நகலு, நாரு எல்லாம் விடுங்க. அவரைக் கேட்டு எழுதினீங்களா, கேக்காம எழுதினீங்களா?"

டீக்கடை

கேட்காமல்தான் என்றேன். நிக்காஹ் நடந்தது. பந்தியில் பாய் என் தட்டில் கறியை ஜாஸ்தியாக வைக்கச் சொன்னார்; நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

ஆனால் பெஞ்சில் இருந்த நாலு பேருக்கு யாரும் திருத்தப்பட்ட படிவத்தைக் காட்டவில்லை. சில மாதம் கழித்து டீக்கடையில் பாயோடு நின்றிருந்தேன். சைக்கிளில் போன ஒருவர் அக்கறையாகக் கேட்டார்: "இப்ப கம்மி பண்ணிட்டீங்களா பாய்?" பாய் அவருக்குத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "டீயைத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சுக்குவேன் சார்."

மரபணு எதனால் விழிக்கும் என்று எனக்குத் தெரியும். நான் எழுப்பிவிட்டது எப்போது அடங்கும் என்றுதான் எந்தப் பத்திரிகையிலும் போடவில்லை.