சுடப்பட்டவர் சிரிக்க வேண்டும்

சாவதற்கு ஆள் தேவை என்று நோட்டீஸ் ஒட்டாததுதான் குறை. மற்ற எல்லா வழிகளிலும் தேடிப் பார்த்துவிட்டோம்.

பயப்பட வேண்டாம், சினிமாவுக்குத்தான். என் பெரியம்மா மகன் குகன் அண்ணன் சுங்கை பெசாரில் கல்யாண வீடியோ எடுப்பவர். அவருடைய நெடுநாள் ஆசை ஓர் ஆக்‌ஷன் படம். உளவாளியாக இருந்த ஒருவன் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, கூலிக்குக் கொலை செய்பவனாக மாறுகிறான், கதை அவ்வளவுதான். ஏன் மாறினான்? திரைக்கதையில் நீண்ட விளக்கம் இருக்கிறது. இரண்டு முறை படித்தேன். இன்னும் தெரியவில்லை.

பல்கலைக்கழக விடுமுறையில் கோலசிலாங்கூரில் வீட்டோடு இருந்த என்னை, “இலக்கியம் படிக்கிற புள்ளதானே, கண்டினியூட்டி பாத்துக்க” என்று அண்ணன் சேர்த்துக்கொண்டார். இலக்கியத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. முதல் ஷாட்டில் திறந்திருந்த பொத்தான் அடுத்த ஷாட்டிலும் திறந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பேச வேண்டிய அவசியம் அதிகம் இல்லை. எனக்கு ஏற்ற வேலை.

கொலைகாரனாக நடித்தவர் தினேஷ். நிஜத்தில் காப்புறுதி முகவர். ஒருவரைச் சுட்டு முடித்ததும் அவருக்கே விசிட்டிங் கார்டு நீட்டுவார். பொம்மைத் துப்பாக்கிக்கும் போலீஸ் அனுமதி வேண்டும் என்பதால் படத்தில் துப்பாக்கியே கண்ணில் படாது. தினேஷின் முகம், ஒரு சத்தம், அப்புறம் யாராவது விழுவார்கள்.

அந்த ‘யாராவது’தான் பிரச்சினை.

தோட்டத் தொழிலாளர்களின் பழைய லய வீடுகளின் பக்கம் படப்பிடிப்பு. வேடிக்கை பார்க்கக் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால், சாகச் சொன்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். ஒருவருக்கு மகள் மாசமாக இருக்கிறாள். ஒருவர் மாலை போட்டிருக்கிறார். இன்னொருவர் சாகத் தயார், ஆனால் வெள்ளிக்கிழமை கூடாதாம். லோரி ஓட்டும் ஓர் அண்ணன் மட்டும் பேரம் பேசிப் பார்த்தார்: “அடி வாங்குறேன் குகா. எவ்ளோ வேணும்னாலும் அடிக்கச் சொல்லு. சாவு மட்டும் வேணாம்லா.”

எனக்கு வியப்பாக இருந்தது. இவர்கள் கோழைகள் அல்லர். தோட்டத்தில் நாகப்பாம்பைக் கண்டால் கொஞ்சம் விலகி நடக்கிறவர்கள், அவ்வளவுதான். பொய்யாகச் செத்துக் காட்டுவதில் அப்படி என்ன பயம்?

குகன் அண்ணனிடம் ஒரு மாற்று மருந்து இருந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு கேமராமேனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட வழக்கம். செத்ததாக நடித்தவர், ஷாட் முடிந்த கையோடு, அதே கோலத்தில் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம்பிடிக்க வேண்டும். அந்தச் சிரிப்பு படத்தில் வராது. ஆனால், பிடித்துவிட்டால் தோஷம் நீங்கிவிடும்.

இதைச் சொல்லியும் யாரும் முன்வரவில்லை. வந்தவர் மாணிக்கம் மாமா ஒருவர்தான்.

அவரை யாருமே கேட்டிருக்கவில்லை. கேட்கவும் துணிந்திருக்க மாட்டோம். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், நான்கு வீடு தள்ளி இருப்பவர்; பள்ளி வேன் ஓட்டுகிறவர். அடுத்த வாரம் கோலாலம்பூரில் அவருக்கு இருதய அறுவை சிகிச்சை. அது தாமான் முழுவதற்கும் தெரியும்.

“ஆளு கெடைக்கலையாமே?” என்றார்.

“மாமா, நீங்க வேணாம்,” என்றார் அண்ணன் அவசரமாக.

“ஏன், எனக்கு விழத் தெரியாதா?”

“அதுக்கில்ல மாமா...”

“நெஞ்சத் தொறக்கப் போறாங்க. அதானே? ஒரு மாசமா ஒருத்தனும் எங்கிட்ட சண்டகூடப் போட மாட்றான்டா. கடையில உக்காந்தா எல்லாப் பயலும் எழுவு வீட்டுக்கு வந்த மாதிரியே மெதுவாப் பேசுறானுங்க.” கேமராவைக் கைகாட்டினார். “செத்துட்டு எந்திரிச்சுச் சிரிக்கணும்னு சொன்னியே. அது எப்படி இருக்குன்னு பாக்கணும்.”

மற்றவர்கள் காதில் ‘செத்துட்டு’ என்ற முதல் பாதிதான் விழுந்திருந்தது போலும்.

“லெட்சுமி அத்தைக்குத் தெரியுமா மாமா?” என்று நான் கேட்டேன். அன்று நான் பேசிய முதல் வாக்கியம்.

“சாப்பாடு குடுத்துட்டுப் போயிட்டாள்ல. தெரிய வேணாம்.”

எங்கள் குழுவுக்கு நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு கட்டித் தருபவர் அவருடைய மனைவி லெட்சுமி அத்தை.

தினேஷ் தயங்கித் தயங்கி வந்து நின்றார். மாமா அவரைப் பார்த்து, “இப்ப ஒரு பாலிசி எடுத்தா எனக்குக் கவர் ஆகுமா?” என்றார்.

“ஆகாது அண்ணே.”

“அப்ப பாத்துச் சுடு.”

மாமாவுக்குத் துப்புக் கொடுக்கும் ஆள் வேடம். ரத்தம் என்பது ரோஸ் சிராப்பும், கறுப்பாக்கக் கொஞ்சம் கிச்சாப் என்கிற சோயா சாஸும். நெஞ்சின் நடுவில் தெளித்தோம். மாமா அழகாக விழுந்தார்; சத்தியமாக, அந்தப் படத்தின் மிகச் சிறந்த நடிப்பு அதுதான். ஆனால், சிராப்பைத் தேடி எறும்புகள் வந்துவிட்டன. செத்தவர் தொடையைத் தட்டிக்கொண்டார். மீண்டும் எடுத்தோம். இம்முறை அசையவில்லை. நான் படமெடுத்துக்கொண்டேன்: மேலிருந்து இரண்டாவது பொத்தான் திறந்திருக்கிறது, வலது முழங்காலில் சேறு, கறை உள்ளங்கை அளவு.

“கட்” என்று அண்ணன் சொன்னபோது கார் வந்து நின்றது. பாத்திரங்களை எடுத்துப் போக வந்திருந்தார் அத்தை.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தரையில் கிடந்தவரைப் பார்த்தார். எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். “ஏறுங்க,” என்றார். மாமா எழுந்து போய்க் காரில் ஏறினார். கதவு சாத்தப்படுவதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது. நாங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

சிரிப்பை எடுக்கவில்லை. காய்ந்த துணியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணனுக்கு உறைத்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அத்தை எங்கள் வீட்டு கேட்டில் நின்றார். அண்ணனைத் தேடி அல்ல, என்னைத் தேடி.

“அன்னிக்கு இவரு சிரிச்சத எடுத்தீங்களா?”

யாரோ அந்த வழக்கத்தை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். “இல்லை அத்தை,” என்றேன்.

“சட்டைய நான் அன்னிக்கே தொவச்சிட்டேன்மா. கோவத்துல தொவச்சேன்.” கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “நீதான இதெல்லாம் சரியாப் பாக்குற ஆளு. தொவச்ச சட்டையில சிரிச்சா செல்லுமா?”

பழந்தமிழர் நிமித்தம் பார்த்ததைப் பற்றி, காதில் விழும் சொல்லைச் சகுனமாகக் கொள்ளும் விரிச்சியைப் பற்றி, கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கியவள் நான். துவைத்த சட்டை செல்லுமா என்று எந்த உரையாசிரியரும் எழுதி வைக்கவில்லை. ‘இதெல்லாம் நம்பிக்கைதான் அத்தை, கவலைப்படாதீர்கள்’ என்று சொல்லியிருக்கலாம். ஒரு மாதமாக எல்லாரும் அவரிடம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்... கவலைப்படாதீர்கள் என்று. அவர் கேட்டது ஆறுதல் அல்ல, முறை.

“செல்லாது அத்தை,” என்றேன். “கறை வேண்டும். என்னிடம் படம் இருக்கிறது. அப்படியே செய்துவிடலாம்.”

அவர் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் விளக்க முடியாது.

அன்று மாலையே அவர்கள் வீட்டில் கூடினோம். உடனே அடுத்த சிக்கல். எழுந்திருக்க வேண்டுமானால் முதலில் படுத்திருக்க வேண்டும். “அவரு இனிமே எங்கயும் படுக்க மாட்டாரு,” என்றார் அத்தை. வீட்டு ஹாலில் நெஞ்சில் கறையோடு ஒருவரைக் கிடத்துவதற்கு எனக்கும் மனம் வரவில்லை. கடைசியில் வாசலில் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. உட்கார்ந்திருந்து எழுந்தாலும் எழுந்ததுதான் என்று தீர்ப்பளித்தேன். எனக்கு அப்படி ஓர் அதிகாரம் எங்கிருந்து வந்தது?

முழங்காலுக்குப் பூந்தொட்டிச் சேறு. இரண்டாவது பொத்தான் திறந்தது. சிராப்பும் கிச்சாப்பும் கலந்த கிண்ணத்தை நான் எடுக்கப் போனேன்; அத்தை வாங்கிக்கொண்டார்.

“இங்கயா?”

கைப்பேசியைப் பார்த்தேன். “இன்னும் கொஞ்சம் உள்ளே அத்தை. நடுவில்.”

அவர் கை அந்த இடத்தில் நின்றது. விரலில் சிவப்பு சொட்டியது. குகன் அண்ணன் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மாமாதான் பேசினார். “மெதுவா லெட்சுமி. டாக்டருக்கும் கொஞ்சம் எடம் விட்டு வை.”

“வாய மூடுங்க,” என்று ஈரக் கையாலேயே அவர் தோளில் ஓர் அடி வைத்தார் அத்தை.

ஒரு மாதத்துக்குப் பிறகு கிடைத்த சண்டை. மாமா நாற்காலியிலிருந்து எழுந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. ஆனால், கையை எடுக்கவும் இல்லை. தோளில் எங்கள் படத்தில் இல்லாத ஒரு புதிய கறை. கண்டினியூட்டிப்படி பெரிய தவறு. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். செல்லும்.

அறுவை சிகிச்சை நடந்த திங்கட்கிழமை காலையிலிருந்து தாமானில் யாரும் யாரையும் தொலைபேசியில் கூப்பிடவில்லை. லைன் காலியாக இருக்கட்டும் என்று. எங்கள் வீட்டில் அம்மா சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தார். மாலையில் அத்தை அழைத்தார். “முழிச்சிட்டாரு,” என்றார்.

சிரிப்பைப் பிடித்ததால் பிழைத்தார் என்று சொல்ல வரவில்லை. மருத்துவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒன்று மட்டும் தெரிகிறது. கொல்வதற்கு எங்கள் கதையில் பக்கம் பக்கமாகக் காரணம் எழுதியிருந்தோம். எழுந்து நிற்பதற்கு ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை.

போன வாரம் பார்க்கப் போனோம். மாமா இளைத்திருந்தார், குரல் இளைக்கவில்லை. எடிட் செய்த காட்சியைப் போட்டுக் காட்டச் சொன்னார். தான் விழுவதை மூன்று முறை பார்த்தார்.

“ரெண்டாவது பாகம் எடுக்குறல்ல குகா? அதுல நான் வரணும்.”

“மாமா, நீங்க செத்துட்டீங்க.”

“உளவாளிப் படம்தானே? செத்த மாதிரி நடிச்சேன்னு வை.”

“நெஞ்சுல சுட்டதக் காட்டிட்டோமே மாமா. பொழச்சத யாரு நம்புவா?”

மாமா நிதானமாகச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். கழுத்துக்குக் கீழிருந்து நேர்கோடாக இறங்கியது, இன்னும் சிவப்பு மாறாத தையல்.

“இதக் காட்டு,” என்றார். “மேக்கப் செலவும் மிச்சம்லா.”