திரையில் அழுத அம்மாவுக்கு நான் சொன்ன கிழமை

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த பதினோராம் நாள், திங்கட்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறை. நாட்குறிப்பில் எழுதி வைத்திருப்பதால் நேரத்தில் சந்தேகம் வேண்டாம்.

அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். பக்கத்து வீட்டில் நான்கு விசைத்தறிகள் விடிந்ததிலிருந்து தடதடவென்று ஓடும். தேர்வு நடக்கும் இடத்தில் சத்தமே இருக்கக் கூடாது என்பது கம்பெனியின் நிபந்தனை. பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்துகிறார்களே, அன்றைக்குத் தறி ஓடாது. புளியங்குடியில் இருக்கும் தங்கை மகனிடம் மடிக்கணினியை இரவல் வாங்கி, முந்தின நாளே முழுக்க சார்ஜ் ஏற்றி, இணையத்துக்குக் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆலையை மூடிவிட்டார்கள். கட்டில், பீரோ விற்கும் ஒரு கம்பெனியில், வாடிக்கையாளர் புகார்களைக் கேட்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். வீட்டிலிருந்தே பார்க்கலாம். கிடைக்காவிட்டால் திருப்பூருக்குப் போய் நாலு பேரோடு ஓர் அறையில் தங்க வேண்டும்; மனைவி இங்கே தனியாக இருக்க வேண்டும்.

தேர்வு என்னவென்றால், திரையில் ஒருவர் வாடிக்கையாளராக நடித்துப் பேசுவார். முன்பே எடுத்து வைத்த படம்தான். அவர் நிறுத்தியதும் சிவப்புப் புள்ளி எரியும். தொண்ணூறு விநாடிக்குள் நாம் பதில் சொல்ல வேண்டும், அது பதிவாகும். பிறகு அவர் மறுபடி பேசுவார். நம் பொறுமையையும் பரிவையும் அதை வைத்து மதிப்பிடுவார்களாம்.

ஓர் அம்மா வந்தார். "போன மாசம் பன்னெண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை கட்டிலுக்கு ஆர்டர் போட்டேன் சார். இன்னும் வரல. மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. தையல் போட்ட உடம்போட தரையில படுத்திருக்கா" என்று அழுதார்.

சிவப்புப் புள்ளி எரிந்தது. என் கண் சுவரில் தொங்கிய காலண்டருக்குப் போனது. போன மாதம் பன்னிரண்டு சனிக்கிழமை! செவ்வாய் என்றால் எட்டாம் தேதி அல்லது பதினைந்தாம் தேதிதான் இருக்க முடியும், இரண்டில் எது என்று மரியாதையாகவே கேட்டேன்.

"நான் சொல்றது உங்களுக்குப் புரியுதா சார்?" என்றார் அந்த அம்மா.

"எல்லாம் புரியுது. கிழமைதான் இடிக்குது" என்றேன்.

அவர் இன்னும் அதிகமாக அழுதார். மிச்சமிருந்த நேரத்தில், இந்தப் படம் வேறு ஏதோ வருடத்தில் எடுத்ததாக இருக்கலாம், கம்பெனி இதைக் கவனிப்பது நல்லது என்றும் எடுத்துச் சொல்லி முடித்தேன். மடிக்கணினிக்குப் பின்னால் நின்றிருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அந்தப் பொம்பளை ஏங்கி ஏங்கி அழுதா. நீங்க கிழமையப் பிடிச்சுத் தொங்குதீங்க!"

"அது நடிப்பு."

"அப்போ உங்களுக்கு இரக்கப்படுத மாதிரி நடிக்கக்கூடவா தெரியாது?"

மாலை நாலு இருபதுக்கு மின்னஞ்சல் வந்தது. தெளிவு, மிக நன்று. விவரங்களில் கவனம், மிக நன்று. பரிவு, தென்படவில்லை. முப்பது நாள் கழித்து இன்னும் ஒரே ஒரு முறை முயலலாம்.

மனைவி சிரித்தாள். "இதுக்குக் கேமரா வேற வச்சாகளாக்கும். எங்கிட்டக் கேட்டிருந்தா இருபத்துநாலு வருசத்து ரிசல்ட்டையும் சொல்லியிருப்பேன்." சிரித்துக்கொண்டேதான் அடுத்ததையும் சொன்னாள். "எங்க அப்பா செத்தன்னைக்கு, நாலு மணிக்கு உயிர் போயிட்டுதேன்னு அழுதேன். நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு நாலு பத்துன்னீங்க."

பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 'மாலை 4.10, மாமா காலமானார்.' நேரம் சரி. யார் யார் எந்த வண்டியில் வந்தார்கள் என்பது கூட இருந்தது. மனைவி அழுதாள் என்று ஒரு வரி இல்லை.

அடுத்த மின்தடை நாளில் மறுபடி உட்கார்ந்தேன். மனைவி சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றினாள். என் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டாள். நாட்குறிப்பு அரிசிப் பானைக்குப் பின்னால் போனது. "இப்பப் பேசுங்க, பாப்போம்."

அதே அம்மாதான் வந்தார். பார்க்க வேறு எதுவும் இல்லாததால் அவர் முகத்தைப் பார்த்தேன். தோளில் ஒரு குழந்தைத் துணி கிடந்தது. முதல் தடவை அது என் கண்ணில் படவே இல்லை.

"மகளுக்குத் தையல் ஆறிட்டாம்மா?" என்று கேட்டேன். குழந்தை தூங்குகிறதா, இவர் ஒரு வாய் சாப்பிட்டாரா என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. கட்டிலுக்கு நான் பொறுப்பு, அதுவரை பக்கத்து வீட்டில் ஒரு கயிற்றுக் கட்டிலாவது வாங்கிப் போடுங்கள் என்றேன். அந்த நேரம் பார்த்து, எல்லாம் பதிவாகிறது என்பதை மறந்த மனைவி, "இடுப்புக்கு நல்லா வென்னி ஊத்தச் சொல்லுங்க" என்றாள். அதையும் சொன்னேன். ஆர்டர் எண்ணைக் கேட்பதற்குள் தொண்ணூறு விநாடியும் தீர்ந்துவிட்டது.

வேலை கிடைத்தது. கூடவே ஒரு குறிப்பு: பின்னணியில் ஒரு பெண் குரல் கேட்கிறது, வேலை நேரத்தில் தவிர்க்கவும்.

காலண்டரை மறுபடி ஆணியில் மாட்டும்போது பார்த்தேன். இப்போது போன மாதம் பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை! மனைவியிடம் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன்.

அந்த அம்மா தப்பாகச் சொன்ன கிழமை ஒரே மாதத்தில் தானாகச் சரியாகிவிட்டது. அன்று நான் சரியாகச் சொன்ன நாலு பத்தைத்தான் இன்னும் சரிசெய்ய முடியவில்லை.